காசிக்கு எந்த மாதம் போகலாம்? கேள்வி பதில்

கேள்வி: வாழ்க்கையில் ஒரு தடவைதான் போக முடியும். எந்த மாதம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் 10 வரை. இதைத் தீர்மானிப்பது கங்கைதான். மழைக்கால வெள்ளம் வடிந்ததும் படித்துறைகளில் வண்டல் மேடாகப் படிந்து கிடக்கும். பம்பு வைத்துப் பீய்ச்சிக் கழுவி முடிக்கவே அக்டோபர் ஆகிவிடும். டிசம்பர் பிற்பாதியில் மூடுபனி இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இந்தச் சில வாரங்களில் அசி கட்டத்திலிருந்து (படித்துறையைத்தான் அங்கே கட்டம் என்பார்கள்) வடக்கே படித்துறை ஓரமாகவே நடக்கலாம், படகும் ஓடும், சூரிய உதயமும் தெளிவாகத் தெரியும். கட்டங்கள் எல்லாம் கிழக்கு பார்த்தவை என்பதால் உதயம் தெரியாவிட்டால் காசியில் பாதி போயிற்று. பாலை நுரைத்துக் குங்குமப்பூ சேர்த்து மண்குவளையில் தரும் 'மலையோ'வும் குளிர்காலக் காலைகளில்தான் கிடைக்கும்.

அது தோதுப்படாவிட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. சிவராத்திரிக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாளை மட்டும் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. போகவே கூடாதா?

போகலாம், நாளை இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. 'லூ' என்கிற மேல்காற்று அனலாக வீசும். சூரியன் 5.15-க்கெல்லாம் உதித்துவிடுவதால் 4.45-க்குள் கட்டத்தில் இருங்கள். படகு, குளியல், கோயில் எல்லாவற்றையும் ஒன்பது மணிக்குள் முடித்து அறைக்குத் திரும்பிவிட்டு, மாலை ஐந்தரைக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். பகல் பதினொரு மணிக்குக் கற்படிகளில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம்தான். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், இரவு முழுக்கக் கூரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். எழுபது வயதைத் தாண்டியவர்களை இந்த மாதத்தில் கூட்டிப்போக வேண்டாம்.

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று காசிக் கட்டங்களில் லட்சக்கணக்கில் அகல் ஏற்றுகிறார்களாமே? அந்த நாளுக்கு டிக்கெட் போடலாமா?

போடாதீர்கள்! இந்தக் குழப்பத்தால்தான் பலருடைய பயணம் வீணாகிறது. அங்கே நடப்பது தேவ தீபாவளி. வடநாட்டில் கார்த்திகை மாதம் சந்திரனை வைத்துக் கணக்கிடுவது. தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் பௌர்ணமிதான் அவர்களுக்குக் கார்த்திகைப் பௌர்ணமி. நம்முடையது சூரியனை வைத்துக் கணக்கிடும் மாதம். 2024-இல் அங்கே நவம்பர் 15, நமக்கு டிசம்பர் 13. 2025-இல் அங்கே நவம்பர் 5, நமக்கு டிசம்பர் 3. சில வருடங்களில் இரண்டும் ஒட்டி வரும், அதை நம்பிவிடக் கூடாது.

தேவ தீபாவளியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அறையை அதற்கும் முன்பே பிடித்துவிடுங்கள். அன்று மாலை படகுக் கட்டணம் பல மடங்காகும். கட்டங்களுக்குப் போகும் வழியில் உள்ள கோதௌலியா சந்திப்புப் பக்கம் வண்டிகளை விடமாட்டார்கள், நடைதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த நாள் ஆகாது. இரண்டு நாள் கழித்துப் போனால் அதே கட்டங்களில் நிம்மதியாக உட்காரலாம்.

கேள்வி: மகாளய அமாவாசைக்குக் காசியில் திதி கொடுக்க ஆசை. செப்டம்பரில் வெள்ளம் இருக்குமா ஐயா?

பெரும்பாலும் வெள்ளத்தின் கடைசிக் கட்டமாக இருக்கும். காசியில் கங்கையின் அபாய அளவு 71.262 மீட்டர். 1978 செப்டம்பரில் 73.9 மீட்டர் வரை ஏறியிருக்கிறது. தண்ணீர் ஏற ஏற முதலில் கட்டத்துக்குக் கட்டம் போகும் வழி முழுகும், அப்புறம் படகை நிறுத்திவிடுவார்கள். மாலை ஆரத்தியும் மேல்படிக்கோ மாடிக்கோ போய்விடும்.

இதில் நமக்கு முக்கியம் பஞ்சதீர்த்த சிராத்தம். அசி, தசாசுவமேதம், வருணை சங்கமம், பஞ்சகங்கை, மணிகர்ணிகை என ஐந்து இடத்துக்கும் படகில்தான் போவது வழக்கம். படகு இல்லையென்றால் அது தடைப்படும். அனுமான் கட்டத்தில் இருக்கும் தமிழ் வாத்தியார்களிடம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நீர்மட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசைதான் வேண்டும் என்றில்லாவிட்டால், உங்கள் வாத்தியாரைக் கலந்துகொண்டு நவம்பருக்குத் தள்ளுவது உத்தமம்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ரயிலில் போய், மறுநாளே கயா போகத் திட்டம். சரிவருமா?

மறுநாளே வேண்டாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் ஐந்து மணி, பத்து மணி நேரம் தாமதமாவது சாதாரணம். இடையில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். விமானம் என்றால் காலையில் வேண்டாம், பிற்பகலில் பதிவு செய்யுங்கள். இரவில் 9 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஸ்வெட்டரோடு குல்லாயும் காலுறையும் அவசியம். பகலிலும் வெயில் எட்டிப் பார்க்காத நாட்கள் உண்டு. ஜனவரியில் பிரயாகையில் மாக மேளா என்னும் நீராடல் திருவிழா தொடங்கிவிட்டால் அந்தக் கூட்டமும் காசிக்கு வரும்.

கேள்வி: ஆடியில் விசுவநாதர் கோயில் எப்படி?

வடநாட்டு சிராவண மாதம் நம் ஆடியோடு பெரும்பகுதி சேர்ந்து வரும். கங்கை நீரைக் காவடியில் சுமந்து வருபவர்களால் ஊரே நிரம்பிவிடும். திங்கட்கிழமைகளை அறவே தவிருங்கள், அன்று சுவாமியைத் தொட்டு வணங்க விடமாட்டார்கள்.

கேள்வி: தங்க அன்னபூரணியை எப்போது பார்க்கலாம்?

தீபாவளியை ஒட்டி, அதற்கு முன் வரும் தனத் திரயோதசியிலிருந்து, அன்னத்தைக் குவித்துப் படைக்கும் அன்னகூடம் வரை சில நாட்கள் மட்டும். வரிசை மணிக்கணக்கில் நீளும். செல்போனை அறையிலேயே வைத்துவிட்டு விடியற்காலையில் போய் நின்றுவிடுங்கள்.