சாதத்தை விட்டேன், எடை திரும்ப ஏறிவிட்டது!

கேள்வி: எனக்கு 41 வயது. உயரம் 156 செ.மீ., எடை 76 கிலோ. சாதத்தை அடியோடு நிறுத்தி, இரவில் பழம் மட்டும் சாப்பிட்டு மூன்று வாரத்தில் 4 கிலோ குறைத்தேன். இரண்டே மாதத்தில் அத்தனையும் திரும்ப ஏறிவிட்டது. வீட்டு வேலைக்கு நடுவே ஜிம்முக்குப் போக வழியில்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: உங்கள் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை, முதலில் அதை நம்புங்கள். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாதத்தைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டும் சேர்ந்து ஏறும். இரவில் வெறும் பழத்தோடு படுத்ததில் தசையும் கொஞ்சம் கரைந்திருக்கலாம்.

அதனால் சாதம் சாப்பிடுங்கள். ஆனால் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போடுகிறோமே, அங்கேதான் கணக்கு தப்புகிறது. மூன்றுக்கும் சேர்த்து முதலிலேயே ஒரு கப் போட்டுக்கொண்டு பாத்திரத்தை மூடிவிடுங்கள். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ இருக்கட்டும்.

அப்புறம், சாப்பாட்டுக் கணக்கில் வராதவை. நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டும் சுமார் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பிள்ளை மிச்சம் வைத்த அரை தோசையை, வீணாகிறதே என்று அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதை என்னிடம் வரும் அம்மாக்கள் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள், நான் கேட்டால்தான் ஞாபகம் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இந்த இரண்டு வாரம் டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், அது பழகிய பிறகு அடுத்தது.

ஜிம் வேண்டாம். வீட்டு வேலையும் உழைப்புதான், ஆனால் பெரும்பாலும் மூச்சு வாங்க வைக்காது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை தேவை, அதைத் துண்டு துண்டாகவும் நடக்கலாம். இரவு பாத்திரம் கழுவிய கையோடு மொட்டை மாடியில் 15 நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். குக்கர் விசில் வருவதற்குள் கை ஊன்றாமல் நாற்காலியில் 10 முறை உட்கார்ந்து எழுந்திருங்கள், தொடைத் தசைக்கு நல்லது. முழங்கால் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்தால் போதும். உங்கள் எடையில் அது 5 சதவீதம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க அதுவே உதவும். மாதம் ஒரு முறை இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இதைத் தொடங்கும் முன் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், மூன்று மாதச் சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ தூக்கத்தில் குறட்டை அதிகமாக இருந்தாலோ மருத்துவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.