அந்தக் கூட்டம் போட்ட பாதை

அன்புள்ள ஐயா,

ஆகஸ்டில் நண்பர்கள் நான்கு பேர் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். மழையும் இல்லாமல் பூவும் முழுதாகப் பூத்திருக்கும் வாரம் எது? உள்ளே கூடாரம் போட்டுத் தங்க வழி உண்டா? பிரம்ம கமலமும் நீலப் பாப்பியும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். ஒரே தயக்கம், சீக்கியர் தலமான ஹேம்குண்ட் போகும் யாத்ரீகர் கூட்டம். நாங்கள் தங்கவேண்டிய மலையூரான காங்கரியா முழுக்க அவர்கள்தானாம், வழியெல்லாம் கோவேறு கழுதைச் சாணமாம். மனிதக் கால் படாத இயற்கையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் மாட்டாமல் போய்வர முடியுமா? இன்னொரு சிக்கல், அம்மாவும் வருகிறேன் என்கிறார். வயது அறுபத்தாறு. அவ்வளவு தூரம் போய் பத்ரிப் பெருமாளைப் பார்க்காமல் திரும்புவாயா என்று கேட்கிறார். இது கோயில் பயணம் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பூ இல்லை, உங்கள் கடைசி இரண்டு கேள்விகள். யாத்ரீகர் கூட்டத்தைப் பற்றிய இந்த முனகலை, மலைக்குப் போய்வரும் இளைஞர்கள் பலரிடம் சமீபமாகக் கேட்டுவருகிறேன். யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் அகப்பட்டீர்கள்.

முதலில் மழை. நீங்கள் கேட்கும் வாரம் எந்த ஆண்டிலும் கிடையாது. பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஜூனில் ஓடைகளின்மேல் பனி உறைந்து கிடக்கும். செப்டம்பர் கடைசியில் வானம் தெளியும்போது செடிகள் பழுத்துச் சாயத் தொடங்கியிருக்கும். ஜூலை பாதி முதல் ஆகஸ்ட் பாதி வரைதான் பூ, அதுதான் நல்ல மழைக்காலமும். நனையுங்கள். சாலையில் மண்சரிந்தால் காத்திருக்க இரண்டு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் கிடையாது. உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை, மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். குறுக்குவழி ஏதும் எனக்குத் தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

பிரம்ம கமலம் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அது நீங்கள் நடக்கப்போகும் பள்ளத்தாக்குப் பாதையில் பூப்பதில்லை. அதற்கு இன்னும் உயரம் வேண்டும், பாறை இடுக்கு வேண்டும். அதைப் பார்க்க எல்லோரும் போகிற இடம், காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி, 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஹேம்குண்ட். நீலப் பாப்பி பள்ளத்தாக்கிலும் உண்டு, ஆனால் அதுவும் ஹேம்குண்ட் ஏற்றத்தில்தான் எளிதாகக் கண்ணில் படும். ஆக, நீங்கள் தேடிப் போகிற இரண்டு பூவும் நீங்கள் தவிர்க்க நினைக்கிற கூட்டத்தின் பாதையோரத்தில்தான் இருக்கின்றன. (மொட்டைமாடித் தொட்டியில் நள்ளிரவில் பூத்து, விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிற ‘பிரம்ம கமலம்’ வேறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி. இமயத்தில் இருப்பது சூரியகாந்தியின் உறவு. நாம் இதழ் என்று நினைக்கும் வெளிர்மஞ்சள் போர்வை உண்மையில் காகிதம் போன்ற மெல்லிய இலைகள். விலக்கிப் பார்த்தால் உள்ளே கருநீல ஊதாவில் குட்டிக் குட்டிப் பூக்கள் குளிருக்கு ஒடுங்கியிருக்கும். விலக்க வேண்டாம், பறிக்கவும் வேண்டாம்.)

அந்தப் பாதை எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறியும் அவருடைய தோழர்களும் மழையில் நனைந்துகொண்டே இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். 1937-இல் ஸ்மைத் மறுபடி வந்தார், அடுத்த ஆண்டு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பே இடத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். அதே முப்பதுகளில் சோஹன் சிங் என்ற சீக்கியர், குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்ததாகச் சொல்லப்படும் ஏரியைத் தேடி இதே மலைக்கு வந்தார். அவரும், ராணுவத்திலிருந்து வந்த மோதன் சிங்கும் சேர்ந்து ஏரிக்கரையில் ஒரு சின்னஞ்சிறு குருத்வாராவைக் கட்டினார்கள். காங்கரியாவில் கட்டடமே இல்லாத அந்த நாட்களில் மோதன் சிங் ஒரு மரப்பொந்தில் படுத்திருந்தார் என்று சொல்வார்கள். இந்தக் கதை மட்டும் உங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் நீங்கள் ஏறும் கல்பாதை, பிடித்துக்கொள்ளும் கம்பி, காங்கரியாவில் படுக்கும் கட்டில், குடிக்கும் தேநீர் எல்லாம் இரண்டாவது கதையிலிருந்து வந்தவை. பூவை மட்டும் நம்பி அந்த உயரத்தில் யாரும் கடை போடமாட்டார்கள்.

கோவிந்த்காட் வரை காரில் போவீர்களே, அந்தச் சாலையும் பத்ரிக்குப் போகிறவர்களின் தடம்தான். பிறகு எல்லைக்காக ராணுவமும் அதை அகலப்படுத்தியது. பூ பார்ப்பவர்கள் கடைசியில் வந்தவர்கள். கடைசியில் வந்துவிட்டு, முன்னால் நிற்பவர்களை நகரச் சொல்லலாமா?

ஒருமுறை அந்த ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு பஞ்சாபி மூதாட்டி கண்டியில் போய்க்கொண்டிருந்தார். கண்டி என்றால் சுமப்பவர் முதுகில் கட்டிக்கொள்ளும் பிரம்புக் கூடை. உட்கார்ந்திருப்பவரின் முகம் பின்பக்கம் இருக்கும். அவர் வழியைப் பார்க்க முடியாது, பின்னால் வருகிற என்னைத்தான் பார்க்க முடியும். சுமப்பவர் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் கையிலிருக்கும் கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுப்பார், நானும் நிற்பேன். மூதாட்டி துப்பட்டா முடிச்சை அவிழ்த்து வறுத்த கடலை நீட்டுவார். எங்களுக்குள் பேச்சு இல்லை, பேச எனக்கு மூச்சும் இல்லை. ஓரிடத்தில் திடீரென்று என் தோளுக்குமேல் கையைக் காட்டி ஏதோ சொன்னார். திரும்பிப் பார்த்தால், நான் தாண்டி வந்த பாறையின் வெடிப்பில் நீலப் பாப்பி. தண்டெல்லாம் முள்போன்ற பொன்னிற மயிர். மழைத்துளி தாங்காமல் தலை கவிழ்ந்து, இதழோரம் ஊதாவாகிக்கொண்டிருந்தது. கீழே நோக்கி உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அது கண்ணில் பட்டது. கோயில் போகிறவர்களுக்கு இயற்கையைப் பார்க்கத் தெரியாது என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும்.

‘மனிதக் கால் படாத’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விளம்பரப் பேச்சை யார் உங்களுக்குக் கொடுத்தார்கள்? ஸ்மைத் வருவதற்கு எவ்வளவோ முன்பே அங்கே ஆடு மேய்ந்தது. ஹேம்குண்ட் ஏரியைச் சீக்கியர்கள் தேடி வருமுன்பே பியூண்டார் ஊர்க்காரர்கள் அதை லோக்பால் என்று கும்பிட்டார்கள், கரையில் லட்சுமணன் கோயில் இன்றும் இருக்கிறது. 1982-இல் தேசியப் பூங்கா அறிவித்து மேய்ச்சலை நிறுத்தினார்கள். அப்புறம் அமேலா என்கிற உயரமான செடி பரவி, சிறு பூச்செடிகளை மூடத் தொடங்கியது. ஆடுகளை நிறுத்தியதுதான் காரணம் என்று ஒரு தரப்பும், அப்படிச் சொல்ல முடியாது என்று இன்னொரு தரப்பும் தாவர அறிஞர்களுக்குள் வாதாடினார்கள். வனத்துறை ஆள்விட்டு அதைப் பிடுங்குகிறது. உங்கள் படத்தில் விழப்போகும் பூக்களில் பாதிக்கு யாரோ குனிந்து களை எடுத்திருக்கிறார்கள். 2013 ஜூன் வெள்ளத்தில் பியூண்டார் வீடுகள் அடித்துக்கொண்டு போயின, கோவிந்த்காட் பாலமும் போயிற்று. போகிற வழியில் அந்த ஊர் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். பள்ளத்தாக்குக்குள்ளேயே எல்லோரும் போய் நிற்கிற இடம் ஒரு கல்லறை: 1939-இல் செடி சேகரிக்க வந்து, சரிவில் வழுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்ணுடையது.

அம்மாவுக்கு என்ன புரியவைக்கப் போகிறீர்கள்? அவர் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. திருமங்கையாழ்வார் வதரிக்கு, அதாவது இதே பத்ரிக்கு, பாடிய பாட்டைக் கேட்டுப்பாருங்கள், ஒருவேளை அவருக்கே மனப்பாடமாக இருக்கும். முதுகு கூனி, கோலூன்றி, நாலடி வைக்குமுன் இளைத்து உட்காரும் காலம் வருவதற்குள் போய்க் கும்பிட்டுவிடுவோம் என்கிறார். அறுபத்தாறு வயதில் ஒரு அம்மா அவசரப்படுவது இதனால்தான். நண்பர்களுக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூச்சமாக இருக்கிறது என்றால் அதை நேராக எழுதியிருக்கலாம்.

கோவிந்த்காட்டிலிருந்து பத்ரி சுமார் 25 கிலோமீட்டர், கார் போகும். ஒரு நாள் கூடும், அவ்வளவுதான். அங்கிருந்து திரும்பி, புல்னா வரை ஜீப்பில் போய், அதற்குமேல் அம்மாவைக் கோவேறு கழுதையில் ஏற்றுங்கள். ஆமாம், சாணம் போடுகிற அதே கழுதைதான். கிளம்புமுன் மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். காங்கரியாவே 3,000 மீட்டருக்கு மேல். அங்கே ஓரிரவு தூங்கி, தலைவலியும் மூச்சுத்திணறலும் இல்லையென்றால் மட்டும் ஹேம்குண்ட். அங்கே சூடாகக் கிச்சடியும் தேநீரும் கொடுப்பார்கள், நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேலே இரவு தங்க முடியாது, பிற்பகலில் இறங்கிவிட வேண்டும், அதனால் விடிகாலையிலேயே கிளம்புங்கள்.

கழுதைகள் எதிரே வரும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் நிற்க வேண்டாம். நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்காது, அவர் மேலே உட்கார்ந்திருப்பார்.