கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஃபேஸ்லிஃப்ட் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். புரட்டாசி முடிந்ததும் மகளுக்குக் கல்யாணம், இன்னும் ஏழு வாரம்தான். நிச்சயதார்த்தப் போட்டோவில் என் தாடையும் கழுத்தும் தொங்குவதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. பியூட்டி பார்லரில் "நூல் போட்டால் போதும், கத்தி வேண்டாம்" என்கிறார்கள். தோழி, தொங்கும் முகத்தைத் தூக்கிக் கட்டும் ஃபேஸ்லிஃப்ட் அறுவைதான் நிலைக்கும் என்கிறார். பிரஷர் மாத்திரையும் தினம் ஒரு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். தைப்பூசக் காவடியில் கன்னத்தில் வேல் குத்துவது வழக்கம். எதைச் செய்வது, எப்போது?

பதில்: அம்மா, தேதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம். ஃபேஸ்லிஃப்ட் செய்தால் முதல் இரண்டு வாரம் முகம் வீங்கி, கழுத்து வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருக்கும். மூன்றாவது வாரம் கடைக்குப் போகலாம். ஆனால் கேமரா முன்னால் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு நிற்பது வேறு விஷயம். உள்வீக்கம் வடிந்து முகம் இயல்பாக அசைய மூன்று மாதமாவது ஆகும். காதுப்பக்கம் மரத்திருப்பது அதற்கு மேலும் நீடிக்கலாம். ஏழு வாரத்தில் ஏதாவது கோளாறு வந்தால் சரிசெய்ய நேரமே இருக்காது. மகள் கல்யாணத்தன்று நீங்கள் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, அப்புறம் எதைச் செய்வது? இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். தாடையோரத் தொய்வு பின்னால் சாய்ந்து கோடு தெளிவாகத் தெரிந்தால், ஃபேஸ்லிஃப்ட் உங்களுக்குத் தரக்கூடியது ஏறக்குறைய அந்த முகம்தான். படுத்தும் மாறாமல் நிற்கிறவை வேறு: கண்ணுக்குக் கீழே கருமை, மேலுதட்டு நுண்கோடுகள், நெற்றி வரி, கண் பை. இவற்றை ஃபேஸ்லிஃப்ட் தொடாது. கண் பைக்குத் தனி அறுவை, நெற்றி வரிக்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. அதுவும் மூன்று நான்கு மாதம்தான். நம்மவர்களின் நிறத் தோலில் சுருக்கத்தைவிடத் தொய்வும் கரும்படலமும்தான் முன்னால் வரும். அதனால் கடுமையான லேசரையும், மருந்து பூசித் தோலுரிக்கும் பீலையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும், கறுப்பு கூடிவிடக்கூடும்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். முள் வைத்த, கரையும் நூலைத் தோலுக்கடியில் கோத்து இழுப்பார்கள். லேசான தொய்வுக்கு ஓரளவு தெரியும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தளர்ந்துவிடும். கழுத்தில் தோல் தொங்கினால் அது தாங்காது. நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடம் அது, பார்லர் நாற்காலியில் செய்கிற வேலையே இல்லை. ஃபில்லர், அதாவது ஊசியில் ஏற்றி நிரப்பும் ஜெல், குழி விழுந்த கன்னத்துக்கு நல்லது. தொங்குகிற தாடையில் மேலும் மேலும் நிரப்பினால் முகம் உப்பிப்போகும்.

அறுவையிலும் வகை உண்டு. பழைய காலத்தில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். பலத்த எதிர்க்காற்றில் நிற்பதுபோல் முகம் விறைத்துப்போனது அதனால்தான். 1976இல் மித்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கடியில் உள்ள ஸ்மாஸ் என்ற தசைநார்ப் படலத்தை விவரித்தார்கள். அதைத் தூக்கிக் கட்டினால் பாரம் தோல்மேல் விழாது, தழும்பும் அகலாது. இன்னும் ஆழத்தில் போகிற டீப் பிளேன் முறையும் இருக்கிறது. மினி லிஃப்ட் என்பது சிறிய வெட்டு, கீழ்க்கன்னத்துக்கு மட்டும். நீங்கள் கழுத்தையும் சொல்வதால் அது போதாது என்று நினைக்கிறேன். முழு ஃபேஸ்லிஃப்ட் பொதுவாக ஏழிலிருந்து பத்து வருடம் தாங்கும்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் வயதல்ல, பிரஷர். இந்த அறுவையில் அதிகம் வருகிற சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். ஒரு பக்கக் கன்னம் திடீரென்று இறுகி, கல்போல் வீங்கி, வலி ஏறும். அந்த ரத்தத்தை உடனே எடுக்காவிட்டால் மேல்தோல் செத்துப்போகலாம். பிரஷர் ஏறினால் இந்த ஆபத்தும் ஏறும், ஆஸ்பிரின் அதைக் கூட்டும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகக் கொடுத்திருந்தால் நிறுத்துவதே பெரிய ஆபத்து. அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். முகநரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது அரிது, ஆனாலும் அந்தக் கேள்வியை அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அந்த வாரங்களில் உங்கள் அருகில் வேண்டாம். நீங்களே புகைப்பவர் என்றால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

காலம் என்று கேட்டால், பெரிய வெள்ளி தீமிதி எல்லாம் முடிந்து, ஜூன் ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் அப்போது வெயிலும் புழுக்கமும் குறைவு, கழுத்துக் கட்டோடு இருப்பது சுலபம். அறுவைக்குப் பிறகு வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுங்கள், கன்னத்தில் வேல் மட்டும் வேண்டாம். மரத்துப்போன கன்னத்தில் எது எங்கே குத்துகிறது என்று உங்களுக்கே தெரியாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். காது குத்திய இடத்தில் எப்போதாவது தடித்த கட்டி வந்திருக்கிறதா? வெட்டு காதைச் சுற்றித்தான் போகும், தழும்பு எப்படி ஆறும் என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பு. வேல் குத்திய தடங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த மருத்துவர் யார் என்பது முக்கியம். அழகு சிகிச்சை செய்கிற டாக்டர் எல்லாரும் பிளாஸ்டிக் சர்ஜன் அல்ல. மருத்துவர்களைப் பதிவுசெய்கிற தென்னாப்பிரிக்க அமைப்பான எச்பிசிஎஸ்ஏயின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், பெயருக்கு எதிரே பிளாஸ்டிக் சர்ஜரி சிறப்புப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். அழகுக்கான அறுவைக்கு மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) பொதுவாகப் பணம் தராது. சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர் மூன்றுக்கும் தனித்தனி பில் வரும், மூன்றையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

கல்யாணத்துக்கு இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தினமும் காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், புதிதாக எந்த கிரீமும் பீலும் வேண்டாம், போட்டோக்காரரிடம் கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால், இரண்டு வாரம் வீட்டில் எடுத்த பிரஷர் அளவுகள், மாத்திரைப் பட்டியல், உங்கள் 40 வயதுப் போட்டோ ஒன்று, மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் சர்ஜனைப் பாருங்கள்.