பினாங்கில் மூன்று நாள்: வயதான அம்மாவோடு பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா?

தாராளமாக முடியும். அம்மாவோடு மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு மூன்று நாள் போகிறீர்கள், டாக்சி வைக்காமல் உள்ளூர்க் கடைகளில் சாப்பிட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "அம்மாவைப் போய் பஸ்ஸில் அலையவிடுவாயா" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் சொன்னார்கள். இன்றுவரை சொல்கிறார்கள்.

நாங்கள் போனது 2024 ஜூலையில். அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி உண்டு. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி படகு. ஆளுக்கு 2 ரிங்கிட், அன்றைய கணக்கில் சுமார் 36 ரூபாய். கால் மணி நேரத்தில் தீவின் முக்கிய ஊரான ஜார்ஜ் டவுன் வந்துவிடும். இறங்கும் படகுத்துறையிலேயே பஸ் நிலையம். ஊருக்குள் சுற்றும் கேட் (CAT) பஸ்ஸுக்கு டிக்கெட்டே கிடையாது. மற்ற ரேப்பிட் பினாங்கு பஸ்களில் தூரத்தைப் பொறுத்து 1.40 முதல் 4 ரிங்கிட் வரை. மீதிச் சில்லறை தர மாட்டார்கள், அதனால் சில்லறையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸெல்லாம் ஏசி. அம்மாவுக்குத் தினமும் உட்கார இடம் கிடைத்தது. இருட்டிய பிறகு இரண்டு முறை கிராப் என்ற செயலியில் கார் எடுத்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலேதான் போவேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

சாப்பாட்டில்தான் முதல் நாள் தப்புச் செய்தேன். நாசி கண்டார் என்ற, சோற்றில் பல கறிகளை ஊற்றித் தரும் சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியல் பார்க்காமல் பெரிய இறால் இரண்டைக் கை காட்டிவிட்டேன். அங்கே தட்டைப் பார்த்துத்தான் பில் போடுவார்கள். இரண்டு பேருக்கு 41 ரிங்கிட் வந்தது. இறால், கணவாய், மீன் தலை இவற்றைத் தொடும் முன் விலை கேளுங்கள், கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. மறுநாள் சோறு, வெண்டைக்காய், மீன் துண்டு, முட்டை என்று வாங்கினோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 17 ரிங்கிட்தான்.

அந்த இரண்டாவது கடையை அம்மா இன்னும் பேசுகிறாள். கறி ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், நாங்கள் பேசுவதைக் கேட்டு, "எல்லாக் கறியும் கலந்து ஊத்தட்டுமாம்மா? அதுதான் இங்க ருசி" என்றார். எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். "நான் இங்க பொறந்தவன். எங்க அத்தா கடையநல்லூர்." எங்கள் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அந்தக் காலத்தில் காவடி மாதிரி தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகச் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள், அந்தத் தண்டுக்குத்தான் கண்டார் என்று பேர் என்றார். அப்படி விற்றவர்கள் நம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். வெளியில் சாப்பிடவே பயப்படும் அம்மா அன்று இரண்டாவது முறை சோறு கேட்டாள். கார் வைத்துப் பெரிய ஓட்டலுக்குப் போயிருந்தால் அவருக்கு எதிரே அவள் நின்றிருக்கவே மாட்டாள்.

சைவம் என்றால் கஷ்டம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் தோசையும் தாராளமாகக் கிடைக்கும். 1833இல் கட்டிய மாரியம்மன் கோவிலும் அங்கேதான், தரிசனம் முடித்து நடந்தே சாப்பிடப் போகலாம். சீனர்களின் சார் குவே தியாவ் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, தேவையென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பிக் கடைகளில் உட்கார்ந்தால் ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். அதற்குக் கோபப்படாதீர்கள்.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். ஊருக்குத் திரும்பினால் அத்தனை சொந்தக்காரருக்கும் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வேண்டுமாம். மூன்று நாளில் நாங்கள் சாப்பிட்டதைவிட அதற்குத்தான் அதிகம் செலவு. எடை கூடிவிட்டதென்று விமான நிலையத்தில் அம்மாவின் சால்வையைக்கூட வெளியே எடுத்தோம். தைலத்தை வாங்கிக்கொண்டவர்களேதான், "அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிப்போனானாம், கஞ்சன்" என்று கல்யாண வீட்டில் பேசினார்கள். அம்மா அங்கேயே, "எனக்கு பஸ்தான் பிடிச்சிருந்துச்சு, என்ன இப்ப?" என்று கேட்டாள். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், மற்றவர்களிடம் கேட்காதீர்கள்.

அப்புறம், பினாங்கு மலைக்கு 204ஆம் எண் பஸ், அந்தப் படகுத்துறையிலிருந்தே கிளம்பும். 1923 முதல் ஓடும் மலை ரயில், நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்கு 30 ரிங்கிட். சுற்றிப் பார்த்த செலவில் பெரியது அதுதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள், இறங்கும்போது ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் லக்சா என்ற, புளி போட்ட மீன் நூடுல்ஸ் சூப் சாப்பிடலாம். அம்மாவுக்கு அது நம் ஊர் மீன் குழம்பு மாதிரி இருந்ததாம்.