விற்பவரின் தங்கைகள் கையெழுத்துப் போட்டால்தான் வீடு வாங்க முடியுமா?

கேள்வி: வீடு ஒன்று பேசி முடித்திருக்கிறோம். வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன், பட்டா எல்லாம் விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. வில்லங்கமும் சுத்தம். ஆனால் பத்திரம் இறந்துபோன அவருடைய அப்பா பெயரில். உயில் கிடையாது. இரண்டு தங்கைகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் வக்கீல். அவர்களைக் கட்டிக் கொடுத்து இருபது வருஷம் ஆச்சு, தேவையே இல்லை என்கிறார் புரோக்கர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

வக்கீல் பேச்சை. புரோக்கருக்குக் கமிஷன் வாங்கியதும் வேலை முடிந்தது. வக்கீல் நாளைக்கும் அதே கோர்ட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அந்தத் தங்கச்சிகளில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் "தேவையே இல்லை" என்று படித்ததும் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் வீடு மதுரை செல்லூரில். 1983-ல் அப்பா மில் வேலையில் இருக்கும்போது மனை வாங்கிக் கட்டியது. 2009-ல் அப்பா தவறினார். அதன்பிறகு அண்ணன்தான் அங்கே இருந்தார். வரி, கரண்ட் எல்லாம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அக்காவும் நானும் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. தீபாவளிக்குப் போனால் ஒரு வேளை சோறு, ஒரு புடவை, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் போன். "பாப்பா, ஆதார் கார்டு எடுத்துக்கிட்டு வெள்ளிக்கிழமை வந்துரு. ஒரு கையெழுத்துதான்."

என்ன கையெழுத்து என்று கேட்ட பிறகுதான் வீட்டை 60 லட்சத்துக்கு விலை பேசி, அட்வான்ஸ் வாங்கி, அக்ரிமெண்டும் அவர் மட்டுமே போட்டுவிட்டார் என்று தெரிந்தது. வாங்குகிறவர்கள் பேங்க் லோனுக்குப் போயிருக்கிறார்கள். பேங்க் வக்கீல் பத்திரத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இல்லாவிட்டால் எனக்கு அந்தப் போனும் வந்திருக்காது.

நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் அந்த வில்லங்கச் சான்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் வருவது பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான். விற்றது, அடமானம் வைத்தது, தானம் கொடுத்தது எல்லாம் வரும். ஒரு மனிதர் செத்துப்போனது அதில் வராது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் வராது. எங்கள் வீட்டு வில்லங்கத்தை எடுத்துப் பார்த்தால் அப்பா 1983-ல் வாங்கிய ஒரே ஒரு வரிதான் இருந்தது. பளிங்கு மாதிரி சுத்தம். அந்தச் சுத்தத்துக்குப் பின்னால் அப்போது ஐந்து பேர் இருந்தோம். பட்டாவும் வரி ரசீதும் அப்படித்தான். அவை வருவாய்த் துறைக்கும் மாநகராட்சிக்குமான கணக்கு. அவற்றை வைத்து மட்டும் ஒருவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியாயிற்று.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள், அப்புறம் உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் சமமாகப் போகும். இது 2005-ல் வந்த புதுச் சட்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. 1956-லிருந்தே மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. 2005-ல் மாறியது பூர்வீகச் சொத்து விஷயம். கூடவே இன்னொன்றையும் அப்போது எடுத்துவிட்டார்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரிக்க நினைக்கும்வரை பெண்கள் பாகம் கேட்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. பங்கு உண்டு, ஆனால் கேட்கக் கூடாது! அது போய் இத்தனை வருஷம் ஆகியும் புரோக்கர்கள் வாயிலிருந்து போகவில்லை. (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. அதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

அந்த "அவருடைய அம்மா" என்ற இடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வக்கீல் கேட்டாரா என்று பாருங்கள். அப்பா இறந்தபோது எங்கள் அப்பத்தா உயிரோடு இருந்தார். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நான்காவது வரியில் அவர் பெயர், பக்கத்துக் கட்டத்தில் "தாய்" என்று தெளிவாக இருக்கிறது. அண்ணன் பீரோவில் அந்தக் காகிதம் அத்தனை வருஷம் இருந்திருக்கிறது. அப்பத்தா 2014-ல் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அதாவது சித்தப்பா, அத்தை, அப்புறம் எங்கள் அப்பா வழியில் நாங்கள் மூன்று பேர். 2021-ல் அம்மாவும் போனதால் அம்மா பங்கு எங்கள் மூவருக்கு. பேங்க் வக்கீல் ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டை 45 பாகமாக வைத்துக்கொண்டால் எங்கள் மூவருக்கும் ஆளுக்கு 13, சித்தப்பாவுக்கு 3, அத்தைக்கு 3. அறுபது லட்சத்தில் அத்தைக்கு 4 லட்சம்.

மதினி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நகை போட்டு, சீர் செஞ்சுதான கட்டிக் குடுத்தோம். அப்புறம் என்ன பங்கு?" என்றார். என் கல்யாணம் 2001-ல், அப்பாவின் மில் செட்டில்மெண்ட் பணத்தில் நடந்தது. அண்ணனுக்கு அப்போது வேலையே இல்லை. இதைச் சொன்னதால்தான் எங்களுக்குள் பேச்சு நின்றது. பங்கு கேட்டதால் இல்லை. "கூடப் பிறந்தவனிடம் காசு கேட்கிறாளே" என்று கமெண்ட் எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கேட்கவே இல்லை. என் கையெழுத்தைத்தான் அவர் கேட்டார். கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, நீங்கள் அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும்? விற்பவருக்கு எவ்வளவு பாகமோ அதுதான் உங்களுக்கு வரும். அதையும் நிம்மதியாக அனுபவிக்க முடியாது. குடும்ப வீட்டில் ஒருவருடைய பாகத்தை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அங்கே குடியிருக்க அவருக்கு உரிமை இல்லை என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். போட்டால், 1893-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி அந்தக் குடும்பத்தாரே உங்கள் பாகத்தை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இதைக் கட்டிவிட்டுக் கோர்ட் வாசலில் நிற்பதா?

இரண்டு வழி உண்டு. தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, பிறகு அண்ணன் மட்டும் உங்களுக்குக் கிரயம் செய்யலாம். அல்லது எல்லோரும் எழுதிக் கொடுப்பவர்களாக ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். இரண்டாவதுதான் நல்லது என்பேன். முதல் வழியில் தங்கைகளுக்கு என்ன கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதில் அவரவர் பணம் அவரவர் கணக்குக்கு நேராகப் போகிறது, பத்திரத்திலேயே விவரம் ஏறிவிடுகிறது. பின்னால் "என்னை ஏமாற்றி வாங்கினார்கள்" என்று யாரும் வர முடியாது. சித்தப்பா "அண்ணன் வீட்டுக் காசு எனக்கெதுக்கு" என்று பணமே வேண்டாம் என்றார். வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் கணக்கில் போடுகிறோம், நாளைக்குக் கோயிலுக்குக்கூடக் கொடுங்கள் என்றார். அக்கா மஸ்கட்டில் இருந்ததால் தூதரகத்தில் சான்று வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பினார். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், கவனம்.

பதிவன்றைக்கு அத்தையின் ரேகை விழவில்லை. செல்லூரில் வாழ்க்கை முழுக்கத் தறியில் இருந்த கை. பத்து விரலும் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. அந்தப் பெண் ஊழியர் ஈரத்துணியால் துடைத்து, அழுத்தி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்ணைப் படம் எடுத்தார். ரேஷன் கடையிலும் அத்தைக்கு இதே பாடுதான். ரேகை விழவில்லை என்று மாசா மாசம் நிற்க வைக்கிறார்கள், உழைத்துத் தேய்ந்த கைக்கு அரிசி கிடையாதாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டை வாங்கிய பையனும் பொண்ணும் பழம் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார்கள். "அக்கா, உங்க அப்பா வீடு. உங்களுக்கு இஷ்டமில்லன்னா நாங்க வேற பாத்துக்கிறோம்" என்றாள் அந்தப் பொண்ணு. அண்ணன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய வார்த்தை. அன்றைக்கே சம்மதம் சொன்னேன்.

ஆகவே நீங்களும் புரோக்கரை விட்டுவிட்டு அந்தத் தங்கைகளிடம் நேரில் பேசுங்கள். அவர்கள் வீட்டுக்காரர்களிடம் இல்லை, அவர்களிடம். பாட்டி எப்போது இறந்தார் என்று கேளுங்கள். அக்ரிமெண்டில் எல்லோர் பெயரும் வரட்டும். வாரிசு யாராவது மைனராக இருந்தால் அதற்குக் கோர்ட் அனுமதி வேண்டியிருக்கும், வக்கீலிடம் கேளுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால், இந்தியாவில் வசிக்கும் விற்பவர்களுக்குத் தரும் பணத்தில் நீங்கள் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும், அதுவும் விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எல்லோரிடமும் பான் கார்டு இருக்கிறதா, ஆதாரோடு இணைத்திருக்கிறார்களா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். அத்தைக்குப் பான் கார்டே கிடையாது. அது கையில் வந்த பிறகுதான் எங்களுக்குப் பதிவுத் தேதியே போட்டார்கள்.