பி.எஸ்சி. நர்சிங் முடித்தவுடன் வார்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா?

தன் மகள் ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, ஆனால் வேலைக்குப் போனால் தனியாகச் சமாளிப்பாளா என்று பயமாக இருக்கிறது என ஒரு தந்தை கேட்டிருக்கிறார். கோவை மாவட்டத்தில் பல ஆண்டுகள் வார்டில் பணியாற்றி, இப்போது மாணவியருக்குக் கற்பித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் நாளிலிருந்தே தனியாகச் சமாளிக்க முடியாது. அப்படி எதிர்பார்க்கும் மருத்துவமனையின் மீதுதான் தவறு. ஆனால் படிப்பில் மீதமிருக்கும் காலத்தைச் சரியாகப் பயன்படுத்தினால், அந்த நிலைக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

படிக்கும்போது மாணவிக்கு ஓரிரு நோயாளிகளை ஒப்படைத்து, அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதச் சொல்கிறோம். வேலைக்குச் சேர்ந்த பிறகோ ஒரே ஷிப்டில் பத்துப் பேருக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு ஆன்டிபயாடிக் நேரம், இன்னொருவருக்கு டிரிப் தீரும் நேரம், மூன்றாமவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், இதற்கிடையில் புதிதாக ஓர் அட்மிஷன் வந்து நிற்கும். ஊசி போடவும், டிரிப் ஏற்ற நரம்பில் கேனுலா என்ற சிறு குழாயைப் போடவும் எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். யாரை முதலில் பார்ப்பது, எதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்று முடிவெடுக்கத்தான் பழக்கம் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் மார்லின் கிராமர் என்ற செவிலியர் ஆய்வாளர், கல்லூரிக்கும் வார்டுக்கும் இடையிலான இந்த அதிர்ச்சியைப் பற்றி 1974-லேயே விரிவாக எழுதினார். ஆகவே இது உங்கள் மகளின் குறையும் அல்ல, நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அல்ல.

நம் பகுதியில் அடிக்கடி பார்க்கும் ஒரு கேஸையே எடுத்துக்கொள்வோம். பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தைக் குடித்துவிட்டு ஒருவர் கொண்டுவரப்படுகிறார். அந்த விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபின் கொடுக்க வேண்டும், ஓர் ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) 0.6 மில்லிகிராம் இருக்கும் என்று மாணவி தேர்வில் பிழையில்லாமல் எழுதுவாள். ஆனால் அந்தக் கட்டிலருகே நிற்கும் செவிலியருக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலின் கரகரப்பு அடங்கிவிட்டதா என்று கேட்க வேண்டும். அக்குளில் கைவைத்து வியர்வை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு 80-க்கு மேல் நிற்கிறதா, ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். அட்ரோபின் அளவுக்கு மீறினால் காய்ச்சல் ஏறும், வயிற்றில் குடல் சத்தம் நின்றுபோகும், நோயாளி பிதற்றத் தொடங்குவார். அதையும் முதலில் காண வேண்டியவர் செவிலியரே. உங்கள் மகள் இத்தகைய ஒரு நோயாளியை, தன் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) நேரம் முழுவதும், ஒவ்வொரு பதினைந்து நிமிட மாற்றத்தையும் எழுதி, பொறுப்பிலுள்ள சிஸ்டருடன் நின்று பார்க்கட்டும். பத்துக் கேர் பிளான்களில் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கும்.

அடுத்தது, டியூட்டி டாக்டரிடம் பேசுவது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இரவு இரண்டு மணிக்குப் போன் செய்து, "டாக்டர், பேஷண்ட் சரியில்லை, வந்து பாருங்க" என்று மட்டும் சொல்வார்கள். அதையே, "டாக்டர், எட்டாம் பெட், நேற்று வயிற்று ஆபரேஷன் ஆனவர், பத்து மணிக்கு 120 இருந்த பி.பி. இப்போது 90, பல்ஸ் 124, நான்கு மணி நேரமாக யூரின் மிகக் குறைவு. உடனே வந்து பார்க்க வேண்டும், அதுவரை டிரிப்பை வேகப்படுத்தட்டுமா?" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் உடனே எழுந்துவிடுவார். யார், என்ன பின்னணி, இப்போது என்ன நிலை, என்ன வேண்டும் என்ற இந்த வரிசையை எஸ்பார் (SBAR) முறை என்று பாடத்தில் படித்திருப்பாள். படித்தால் போதாது, தோழியரோடு வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் வாய்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

நோயாளிகளிடம் பேசுவதும் இதில் சேர்ந்ததே. நம் ஊர்ப் பெரியவர்கள், அதிலும் தோட்டங்காட்டில் பாடுபட்டவர்கள், தங்கள் நோவைக் குறைத்தே சொல்வார்கள். "ஒன்னுமில்லீங் அம்மணி, செத்த நேரத்துல செரியாயிரும்" என்று சொல்பவரின் முகம் வெளிறி வியர்த்திருந்தால், அந்தச் சொல்லை நம்பி நகர்ந்துவிடாமல் ஈ.சி.ஜி.க்கு ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதும் அப்படித்தான்: இன்சுலினைப் பிரிட்ஜில் வையுங்கள் என்று ஒப்பிப்பதற்கு முன், வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி மூடி வைக்கும் வழியைச் சொல்லித்தர வேண்டும். திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போவதாக இருந்தால் கொஞ்சம் இந்தியும் உதவும். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவர் நிறையப் பேர் அங்கே சிகிச்சைக்கு வருகிறார்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் இருக்கிறது. லாக்புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) கையெழுத்து வாங்கும் காலமாக அதைப் பலர் கழித்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்தக் காலத்தில் முதல் வாரம் இரண்டு நோயாளிகள், பிறகு நான்கு, பிறகு ஆறு என்று பொறுப்பைக் கூட்டித் தரும்படி வார்டு சிஸ்டரிடம் அவளே கேட்கலாம். நைட் டியூட்டியையும் தவிர்க்காமல் பார்க்க வேண்டும். டிரிப் கணக்கு கைவிரலில் இருக்க வேண்டும்: 500 மில்லி நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடும் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் பணியாற்ற முடியும் என்பது அவளுக்கே தெரிந்திருக்கும். வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: புதியவர்களுக்கு எத்தனை வாரம் பயிற்சி தருகிறார்கள், அந்தக் காலத்தில் கூட நிற்க மூத்த செவிலியர் ஒருவரை ஒதுக்குகிறார்களா, இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள். இவற்றுக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சம்பளம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும், முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.