மனையை விற்க வேண்டாம் அண்ணாச்சி

கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன சனிக்கிழமை மனைவி, மகனோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலு வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம். கடையை ஒட்டிய மனையை விற்கலாமா என்று யோசனை. "மச்சினன் மகன் அங்கதான் சார் படிக்கான். நம்ம பையன் மட்டும் கம்மியா?"

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் என் மேஜை ஃபேன் கரகரத்தது. அதுவரை வாய் திறக்காத பையன் எழுந்து, ஸ்விட்சை அணைத்து, இறக்கையை விரலால் ஆட்டிப் பார்த்து, "புஷ் தேஞ்சிருச்சு சார்" என்றான். கைவேலையில் நாட்டமுள்ள பையன் என்று புரிந்தது. மனையை விற்காதீங்க என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

கவுன்சலிங், கட்ஆஃப் எல்லாம் அண்ணாச்சிக்கே மனப்பாடம். நான் சொன்னது ஜப்பானின் கோசென் கல்லூரிகளைப் பற்றி.

தொழிற்சாலைகளுக்குக் கைவேலை தெரிந்த இன்ஜினியர்கள் போதவில்லை என்று 1962-ல் ஜப்பான் தொடங்கிய கல்லூரிகள் இவை. 15 வயதில் சேர்ந்தால் ஐந்து வருஷப் படிப்பு, சோதனைக்கூடமும் பட்டறையும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. தேசியக் கோசென்கள் மட்டும் 51. அந்த நாட்டின் குமமோட்டோவில் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் சிப் ஆலை வர அரசே பணத்தைக் கொட்டியது. 2024 பிப்ரவரியில் ஆலையும் திறந்தார்கள். ஆனால் ஆலைக்கு ஆள் வேண்டுமே! அந்தப் பக்கத்துக் குமமோட்டோ, சசெபோ கோசென்களில் சிப் பாடத்துக்குத் தனி அக்கறை காட்டுவது அதனால்தான்.

நம் பிள்ளைகளுக்கு வழி, ஜப்பான் கல்வி அமைச்சகம் தரும் மெக்ஸ்ட் உதவித்தொகை. மொத்தம் நாலு வருஷம். முதல் வருஷம் மொழி, பிறகு கோசெனில் நேரே மூன்றாம் ஆண்டு. கல்விக் கட்டணம் இல்லை, விமானச் செலவு அவர்களுடையது, கைக்கு மாதம் 117,000 யென். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆகவே பணம் கேட்கிற ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சென்னை ஜப்பான் துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்தால் போதும்.

இடங்கள் மிகக் குறைவு, எழுத்துத் தேர்வு உண்டு. முடித்தால் பி.இ. ஆகாது. பட்டம் வேண்டுமென்றால் கோசெனிலேயே இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும், அல்லது அங்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர வேண்டும். பாடமெல்லாம் ஜப்பானிய மொழியில்தான். முதல் குளிர்காலத்தில் பையன் அழுவான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"கிடைக்கலேன்னா ஒரு வருஷம் வீணாப் போயிருமே?" என்றார் அம்மா. போகாதும்மா. இப்போதே அரசு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் சேர்த்துவிடுங்கள். பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் படித்தவனுக்கு அந்த வழி இருக்கிறது. சாயங்காலம் ஜப்பானிய மொழி படிக்கட்டும். டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படியான என்5 எழுதட்டும். அங்கே இடம் கிடைத்தால் கிளம்பட்டும், கிடைக்காவிட்டால் டிப்ளமா கையில் இருக்கும். மனை மனையாகவே இருக்கும்.

அண்ணாச்சி மகனைப் பார்த்தார். "போறியாலே?" அவன் தலையாட்டினான். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. முதலில் அதற்கு எழுதிப் போடச் சொல்லி அனுப்பினேன்.